நீண்ட ஏ.எஃப்.எம். ஆய்வில் செல்லை வாட விடும் தவறுகள்

செல் நலிந்துபோனாலும், நுண்ணிய முனையால் அதைத் தொட்டு அளக்கும் அணு விசை நுண்ணோக்கி (ஏ.எஃப்.எம்.) எண்களைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் செல் இறுகியிருப்பதாகத் தெரிந்தால், காரணம் நீங்கள் கொடுத்த மருந்தா, மீடியம் (செல் வாழும் ஊட்டத் திரவம்) கெட்டதா என்று விசை வளைகோட்டை (முனை அழுத்தி விலகும்போது பதிவாகும் விசையின் கோட்டை) மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் முதலில் சந்தேகப்படுவது மீடியத்தைத்தான். இன்குபேட்டருக்குள் 5 சதவீத கார்பன் டைஆக்சைடு இருப்பதால்தான், மீடியத்தின் அமில-காரச் சமநிலையைக் காக்கும் பைகார்பனேட் பஃபர் சரியாக வேலை செய்கிறது. டிஷ்ஷை வெளியே எடுத்ததும் வாயு மெல்ல வெளியேறி மீடியம் காரமாகிறது. ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டிச் சாயம் இருந்தால் கண்ணுக்கே தெரியும்: சிவப்பு ரோஜா நிறமாகி, ஊதாப் பக்கம் சாயும். வாயு செலுத்தும் மூடிய அறை இல்லாதவர்கள் 10 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பஸ் என்ற பஃபர் சேர்க்கலாம், அல்லது சாதாரணக் காற்றுக்கென்றே தயாரான எல்-15 மீடியத்துக்கு மாறலாம். ஹெப்பஸ் சேர்த்த பிறகு ஃபுளோரசன்ஸ் விளக்கை எரியவிட்டுப் போய்விடாதீர்கள். ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) உள்ள மீடியத்தில் ஒளி பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிச் செல்லைத் தாக்கும்.

அடுத்தது ஆவியாதல். இதைப் பலரும் பொருட்படுத்துவதே இல்லை. 37 டிகிரியில் திறந்த டிஷ்ஷில் 2 மில்லிலிட்டர் மீடியம் இருக்கிறது, அதில் 0.2 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிறது என்று வையுங்கள். கரைபொருள் செறிவு 300 மில்லிஆஸ்மோலாக இருந்தது 333 ஆகிவிடும். செல் நீரை இழந்து சுருங்கும், அதன் விறைப்பு அளவும் மாறும். குறைந்ததை மீடியம் ஊற்றி ஈடுகட்டுவதும் தப்பு, போனது நீர் மட்டும்தானே, உப்பு அப்படியே இருக்கிறது. டிஷ்ஷுக்கும் கருவித் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிலிக்கோன் வளையத்தால் மூடுவதே நல்லது. மீடியத்தை ஓடவிடுவதென்றால் பம்ப் அதிர்வு கான்டிலீவரில் (முனையைத் தாங்கும் வளையக்கூடிய மெல்லிய தகட்டில்) தெரியும், உயரத்தில் வைத்த பாட்டிலிலிருந்து தானாக இறங்கவிடுங்கள்.

ஹீட்டர் திரையில் 37 என்று காட்டுவதை நம்பிவிடாதீர்கள். கருவித் தலை வெப்பத்தை உறிஞ்சும், அதனால் வெப்பம் அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிளைச் செல்களுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். தங்கம் பூசிய கான்டிலீவர் வெப்பம் மாறினாலே வளையும். செல் இல்லாத டிஷ்ஷை வைத்து அது நிலைக்கும்வரை காத்திருந்து, அப்புறம் செல்களைக் கொண்டுவந்தால் அவை வீணாக வெளியே கிடக்காது.

விசையில் பேராசை கூடாது. விறைப்பு 0.1 நியூட்டன்/மீட்டருக்குள் இருக்கும் மென்மையான கான்டிலீவர், சில நூறு பிகோநியூட்டன் அழுத்தம், அவ்வளவுதான். செல்லின் விளிம்பு மெலிதாக இருக்கும், அங்கே கூர்முனை எளிதில் துளைத்துவிடும். விறைப்பை மட்டும் அளப்பதென்றால் சில மைக்ரான் அளவுள்ள உருண்டை மணி ஒட்டிய முனை செல்லுக்கு இதம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். புரதமும் சவ்வுத் துணுக்கும் முனையில் ஒட்டிக்கொள்ளும், இடையிடையே வெறும் கண்ணாடியில் ஒரு வளைகோடு எடுத்தால், முனை இழுத்து விலகும்போது அந்தக் கோட்டில் புதிதாய்த் தோன்றும் பள்ளம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்து கொடுக்காத டிஷ் ஒன்றையும் அதே கருவியில், அதே அளவு நேரம் வைத்து அளந்துவிடுங்கள். அதே டிஷ்ஷில் முனை தொடாத செல்களையும் பாருங்கள்: அவையும் உருண்டு, மேலே குமிழ் குமிழாகப் புடைத்திருந்தால் கோளாறு சூழலில், தொட்டவை மட்டும் அப்படி என்றால் விசையில். வேலை முடிந்ததும் டிஷ்ஷைக் கொட்டிவிடாமல், புது மீடியம் மாற்றி இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் காலையில் எத்தனை செல்கள் இன்னும் பரவி ஒட்டியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.