வேப்: மணத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

அறுகம் குடாக் கடற்கரையில் கிடந்த, தீர்ந்ததும் வீசிவிடும் வகை வேப் (மின்சிகரெட்) ஒன்றை மின்கலத்தில் கத்தி படாமல் திறந்து பார்த்தேன். மாம்பழ மணம் இன்னும் போகவில்லை. ஆனால் சுருள் கம்பியைத் தொட்டிருந்த பஞ்சு கருகிக் கறுத்திருந்தது.

"இது புகையில்லை, வெறும் நீராவிதான்" என்று நம்புவதே முதல் தவறு. நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். வேப் திரவத்தின் பெரும்பகுதியான புரொப்பிலீன் கிளைக்கோல் ஏறத்தாழ 188 பாகையிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பவை. அந்தச் சூட்டை ஊட்டத்தான் சுருள் இருக்கிறது. வெளிவருவதும் நீராவியன்று, நிக்கொட்டினைச் சுமந்த நுண்துளிகள்.

போத்தலின் லேபிளை வாசித்துவிட்டு, உள்ளே போவது முழுவதும் தெரிந்துவிட்டதாக எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. லேபிளில் இல்லாதவற்றைச் சுருளே உண்டாக்குகிறது. வடைச் சட்டியில் எண்ணெய் அளவுமீறிக் காய்ந்தால் கண்ணைக் கரிக்கும் நெடி எழுமே, அதில் இருப்பது அக்ரோலீன். கிளிசரின் சிதையும்போதும் அதுவே பிறக்கிறது. கூடவே போமல்டிஹைட்டும் உண்டாகிறது: பிரேத அறையின் போமலினில் உள்ள அதே பொருள், மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவதென உறுதிசெய்யப்பட்டது. மின்வலுவைக் கூட்டினாலும், திரவம் வற்றிய பஞ்சை விடாமல் இழுத்தாலும் இவற்றின் அளவு பெருமளவு ஏறும். ஆகவே தொண்டையில் கருகிய சுவை தட்டிய பிறகும் "இன்னும் நாலு இழுவை வரும்" என்று தொடர்வதுதான் ஆகக் கெட்ட பழக்கம்.

நிக்கல், குரோமியம் கலந்த சுருள்களிலிருந்து அந்த உலோகங்களும் நுண்ணளவில் ஆவியோடு சேர்கின்றன.

சாப்பிடத் தகுந்த வாசனைப்பொருள் சுவாசிக்கவும் தகுந்தது என்பது இன்னொரு தவறான கணக்கு. வெண்ணெய் மணம் தரும் டயசெற்றில் உணவில் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரி ஆலையொன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் நுண்சுவாசக் குழாய்கள் தழும்பேறி அடைபட்டமை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. வயிற்றுக்கு உள்ள காப்பு நுரையீரலுக்கு இல்லை.

தொண்டையை உறுத்தாததால் நிக்கொட்டின் குறைவு என்று எண்ணவும் கூடாது. அமிலம் சேர்த்த நிக்கொட்டின் உப்பு, கூடிய செறிவையும் இதமாக உள்ளே இறக்கிவிடும். பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இதைத்தான்.

தீர்ந்த கருவியை வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்த வேண்டாம். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் நெருப்பில் வெடிக்கும்.