மருத்துவ ஆய்வு மோசடி: நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ ஆய்வில் ஒரு மோசடி அம்பலமானதும் நிறுவனங்கள் விடும் அறிக்கை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: தவறு செய்தது தனி ஒருவர், அவரை நீக்கிவிட்டோம். முதல் தவறே இதுதான். இல்லாத நோயாளியைக் கணக்கில் சேர்த்தவர் குற்றவாளிதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் பல வருடம் மாட்டாமல் இருந்ததற்கும் அவரேவா காரணம்? ஜப்பானிய மயக்கவியல் நிபுணர் யோஷிடாக்கா ஃபூஜியின் தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றன என்று 2000-லேயே ஓர் ஆய்விதழில் கடிதம் வந்துவிட்டது. அவருடைய 172 கட்டுரைகளில் இட்டுக்கட்டிய தரவு இருப்பதாக விசாரணைக் குழு சொன்னது 2012-இல். இடையில் 12 வருடங்கள்.

அடுத்தது, கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு கொடுப்பது. காலை முதல் இரவு வரை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் போய், கட்டுரை இருந்தால்தான் உயர்வு என்றால், எழுதி விற்கும் தரகர்களுக்குக் கடை திறந்து கொடுத்த மாதிரிதான். கட்டுரைக்கு ரொக்கப் பரிசு தரும் வழக்கம் பரவியிருந்த சீனாவில், 2020-இல் அரசே அதற்குத் தடை போட வேண்டியதாயிற்று.

இவற்றைவிடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது வேறு. புகார் உண்மையானால் யாருக்கு நஷ்டமோ, அவர்கள் கையிலேயே விசாரணையைக் கொடுப்பது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். எந்தப் புற்றுக்கட்டிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை மரபணுக்களை வைத்தே சொல்லிவிடலாம் என்று அங்கே ஆய்வு செய்த அனில் பொட்டியும் அவருடைய குழுவும் 2006-இல் எழுதினார்கள். அடுத்த வருடமே அதை நம்பி நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் புள்ளியியலாளர்கள் கீத் பாகெர்லியும் கெவின் கூம்ப்ஸும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரி நழுவியிருந்தது தெரிந்தது. ஒரு மரபணுவின் பெயருக்கு நேராகப் பக்கத்து வரியின் எண்! சில இடங்களில் மருந்துக்குக் கேட்பவை, கேட்காதவை என்ற குறிப்புகளே தலைகீழாக இருந்தன.

2009-இல் சோதனைகளை நிறுத்தி, வெளியாட்களை வைத்து விசாரித்தார்கள். சரி, முறைதான். ஆனால் அந்தச் சமயத்தில் பாகெர்லி புதிதாக அனுப்பிய ஆட்சேபக் குறிப்பை நிர்வாகம் அந்த வெளியாட்களிடம் காட்டவே இல்லை. காட்டலாமா வேண்டாமா என்று யோசனை கேட்டது யாரிடம் தெரியுமா? அந்த ஆய்வின் மூத்த கூட்டாளியிடம். 2010 தொடக்கத்தில் சோதனைகள் மறுபடி ஆரம்பித்தன. கடைசியில் எல்லாம் நின்றது, பொட்டி தமக்கு ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் பெருமைக்குரிய ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்ததாகச் சொன்னது பொய் என்று அதே வருடம் வெளியே வந்த பிறகுதான்.

பேர் பெற்றவர் என்றால் விசாரிக்காமல் வேலைக்கு எடுப்பதும் இந்த ரகம்தான். மூச்சுக்குழாய் மாற்று அறுவையில் புகழ்பெற்ற பாவ்லோ மக்கியாரினியை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகம் 2010-இல் எடுத்தபோது, அவரைப் பற்றி எச்சரித்த கடிதங்களை ஒதுக்கித் தள்ளியது. அங்கே அவர் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்திய 3 பேரும் பின்னர் இறந்தார்கள். 2014-இல் உடன் வேலை பார்த்த 4 மருத்துவர்கள் புகார் கொடுத்தார்கள். வெளி விசாரணையாளர் முறைகேடு என்றே சொன்னார். அப்புறமும் 2015 ஆகஸ்டில் துணைவேந்தர் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார். 2016 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஆவணப்படம் வந்த பிறகு, துணைவேந்தரே பதவி விலக நேர்ந்தது.

மூலத் தரவை ஒருவருடைய கணினியில் மட்டும் வைத்திருப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தரவு நிறுவனத்தின் சேமிப்பில் இருக்கட்டும், ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு புள்ளியியலாளர் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும்.

புகார் சொல்லும் இளையவரை அனுசரித்துப் போகச் சொல்வதுதான் வெளியே தெரியாமல் நடக்கும் தவறு. டியூக்கில் பொட்டியின் ஆய்வகத்தில் இருந்த ஒரு மருத்துவ மாணவர், இந்தக் கணக்குகள் நம்பும்படி இல்லை என்று 2008-லேயே விரிவாக எழுதிக் கொடுத்திருந்தார். தனக்குப் பணம் தரும் அமைப்புக்கு அதை அனுப்ப நினைத்தவரை, அனுப்ப வேண்டாம் என்று பேசி இணங்க வைத்தார்கள். அவர் கட்டுரைகளிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, வேறு ஆய்வகத்தில் இன்னொரு வருடம் முதலிலிருந்து உழைத்தார். அவர் எழுதியது வெளியுலகின் கண்ணில் பட்டது 2015-இல்.