மென்பொருளை நெடுநாள் காக்கத் திட்டமிடுவது எப்படி?

ஒரு மென்பொருளைப் பல ஆண்டுகளுக்குக் காக்க நினைப்பவர், எதைக் காக்கப் போகிறோம் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய வரிகள், படிக்கக் கிடைத்தால் போதுமா, அது இயங்கவும் வேண்டுமா, அல்லது அது தந்த விடையை வேறொரு நிரலாவது மீண்டும் தர வேண்டுமா? முதலாவதற்கு ஒரு நல்ல காப்பகம் போதும். இரண்டாவதற்கு நிரல் இயங்கிய சூழலையும் காக்க வேண்டும். மூன்றாவதற்கு, கணக்கிடும் முறையைத் தெளிவாக எழுதிச் சோதனைத் தரவுகளோடு சேர்த்து வைப்பது நிரலைவிட முக்கியமாகிவிடுகிறது.

நிரலைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பு இல்லையென்றால் அதை இன்றே சேர்த்துவிடுங்கள். உரிமம் இல்லாத நிரலைப் படியெடுக்கவோ திருத்தவோ பொதுவாகப் பிறருக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. எழுதியவரைத் தொடர்புகொள்ள முடியாத காலத்தில் அந்த அனுமதியைக் கேட்டுப் பெறவும் வழியிராது.

நிரலை இணையத்தில் வைத்துப் பலர் சேர்ந்து எழுத உதவும் கிட்ஹப் போன்ற தளத்தில் நிரல் இருப்பதையே பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அது பணி செய்யும் இடமே தவிர, காப்பகம் அன்று. அத்தகைய கூகுள் கோடு தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. பிட்பக்கெட் என்ற இன்னொரு தளம், மாற்றங்களைப் பதிவுசெய்யும் மெர்க்குரியல் என்ற கருவியில் அமைந்த களஞ்சியங்களுக்கு (நிரல் சேமிப்பிடங்களுக்கு) அளித்துவந்த ஆதரவை 2020-இல் நிறுத்தியது. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016-இல் அறிமுகப்படுத்திய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகமோ, பொதுவில் கிடைக்கும் மூலநிரல்களை அவற்றின் மாற்ற வரலாற்றோடு சேர்த்துவருகிறது. உங்கள் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்து, அதைச் சேமிக்கும்படி நீங்களே கேட்கலாம். அது தரும் அடையாளக்குறி நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், களஞ்சியம் எங்கே இடம்பெயர்ந்தாலும் மாறுவதில்லை. ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டப்படும் பதிப்பென்றால், செர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ காப்பகத்திலும் அதை வைத்து டிஓஐ எண் (மேற்கோளுக்கான நிலையான அடையாள எண்) பெற்றுக்கொள்வது நல்லது.

மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டியது சார்புகளுக்கு, அதாவது உங்கள் நிரல் நம்பியிருக்கும் பிறருடைய தொகுப்புகளுக்கு. 2016 மார்ச்சில், 11 வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட் என்ற தொகுப்பை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் பதிவகத்திலிருந்து நீக்கியபோது, அதன் பெயரையே கேள்விப்பட்டிராதவர்களின் திட்டங்களும் நின்றுபோயின. பதிப்பெண்களைப் பூட்டிவைக்கும் கோப்பு எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைச் சொல்லுமே தவிர, அது என்றும் கிடைக்கும் என்று உறுதி தராது. ஆகவே சார்புகளின் படிகளையே, மூலநிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் உட்பட, உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிரல் இயங்கும் சூழலை அமைக்கும் டாக்கர் கோப்பும் பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கச் சொல்லும் கட்டளைகளின் பட்டியல்தான் என்பதால், கட்டி முடித்த படிமத்தையும் (அச்சூழலின் முழுப் படியையும்) தனியே சேமிக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடியும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. இத்தகைய தேதிகளைத் திட்ட ஆவணத்தில் குறித்துவைத்தால், மாற்றும் வேலையைப் பதற்றமின்றித் தொடங்கலாம்.

இவையெல்லாம் போதுமா என்பதை அறிய நான் நம்பும் சோதனை ஒன்றே. திட்டத்தில் பணியாற்றாத ஒருவரிடம் ஒரு புதிய கணினியையும் நீங்கள் சேமித்தவற்றையும் கொடுத்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, நிரலைக் கட்டி இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் அமரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. அவர் தடுமாறும் ஒவ்வோர் இடமும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் விடுபட்ட ஒரு வரி. கிடைக்கும் விடையைச் சரிபார்க்க, மாதிரி உள்ளீட்டையும் எதிர்பார்க்கும் விடையையும், தசம எண்களில் எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்பதையும் முன்பே எழுதியிருக்க வேண்டும். இந்த ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்துங்கள்.

நிரலைக் கவனிக்க ஆள் இருப்பதும் இத்திட்டத்தின் பகுதியே. டொமைன் பெயர், பதிவகக் கணக்கு, வெளியீடு உங்களுடையதே என்று உறுதிசெய்யும் கையொப்பச் சாவி ஆகியவை இருவரிடமாவது இருக்கட்டும். ஆனால், களைத்த நேரத்தில் கிடைத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடாதீர்கள்: எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் 2024-இல் கண்டறியப்பட்ட கள்ள வழியை (பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய உதவும் நிரலை) வைத்தவர், சுமை தாங்காத பராமரிப்பாளருக்கு உதவ வந்தவராக ஈராண்டுக்கும் மேலாகப் பணியாற்றி நம்பிக்கை பெற்றவர். வெளியீட்டு உரிமையைப் படிப்படியாக, இன்னொருவர் சரிபார்க்கும் முறையோடு கொடுங்கள்.

பராமரிப்பைத் தொடர முடியாதென்றால், நிறுத்தும் தேதியைச் சில மாதங்களுக்கு முன்பே அறிவித்து, பயனர்கள் தங்கள் தரவைத் திறந்த வடிவத்தில் எடுத்துச்செல்ல வழி செய்து, இறுதிப் பதிப்பைக் காப்பகத்தில் சேர்த்தபின் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் இயலுவதாக மாற்றிவிடுங்கள்.