டஸ்கனியில் கார் எடுக்கும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் இத்தாலிப் பயணத் திட்டத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். ஃப்ளாரன்ஸில் இறங்கி, கார் எடுத்து, டஸ்கனியின் மலை ஊர்கள் வழியாக ஆறு நாள் சுற்றிவிட்டு ரோமில் காரை ஒப்படைப்பதாக ஏற்பாடு. படிக்கப் படிக்க எனக்குப் பதற்றம் கூடியது. 2017 அக்டோபரில் நானும் என் கணவரும் செய்த தவறுகள் வரிசை மாறாமல் அந்தத் தாளில் இருந்தன. அதற்குப் பிறகு இரண்டு முறை அதே சாலைகளில் போய் வந்துவிட்டோம். உறவிலும் நட்பிலும் பலருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சறுக்குவது அதே இடங்களில்தான்.

பாஸ்போர்ட் நகல், பயணக் காப்பீடு, அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃப்ளாரன்ஸில் தங்கும்போதே காரை எடுப்பது

வேண்டாம். அது நடந்து பார்க்க வேண்டிய ஊர். கிளம்பும் நாள் காலையில் டிராமில் விமான நிலையம் போய் அங்கே காரை எடுங்கள்.

இசட்.டி.எல். எல்லைக்குள் நுழைவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் மையப்பகுதிக்குள் வெளியார் வாகனம் நுழையக் கூடாது. அந்தப் பகுதிக்கு ‘ட்சோனா ஆ ட்ராஃபிகோ லிமிடாடோ’ என்று பெயர்; சுருக்கமாக இசட்.டி.எல். ஃப்ளாரன்ஸ், சியன்னா போன்ற பெரிய ஊர்களில் மட்டுமல்ல, சான் ஜிமிஞ்ஞானோ போல மதிலுக்குள் அடங்கிய சிற்றூர்களிலும் உண்டு. தடுப்புக் கம்பம் இருக்காது, காவலர் இருக்கமாட்டார். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை ஒன்றும், அதன் மேலே எண்பலகையைப் படமெடுக்கும் கேமராவும் இருக்கும். அவ்வளவுதான். நுழைந்தது கூடத் தெரியாமல் நுழைந்துவிடுவீர்கள்.

நாங்கள் போனது ஒரு சின்ன மலை ஊர். மாலை ஆறரை மணி, தூறல். ஹோட்டல் மதிலுக்கு உள்ளே இருந்தது. அவர் ஓட்ட, நான் கைப்பேசியில் வழி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதில் வாயிலை நெருங்கியபோது மின்பலகையில் ‘வார்கோ ஆத்திவோ’ என்று சிவப்பு எழுத்து ஓடியது. “என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டார். ஆத்திவோ என்றால் ஆக்டிவ் என்பதுதானே, வாயில் திறந்திருக்கிறது போலும் என்று நினைத்து, “போகலாம், போங்கள்” என்றேன். அதன் உண்மையான பொருள் நேர்மாறானது. வாயிலில் கண்காணிப்பு நடக்கிறது, நுழையாதே என்பதுதான் அந்த அறிவிப்பு. ‘நோன் ஆத்திவோ’ என்று இருந்தால்தான் உள்ளே போகலாம்.

ஒரு திருப்பத்தைத் தவறவிட்டோம். கைப்பேசி எங்களை மதிலுக்கு வெளியே கொண்டுபோய், சுற்றவைத்து, அதே வாயில் வழியாக மறுபடி உள்ளே விட்டது. பெட்டிகளை இறக்கிய பிறகு காரை வெளியே நிறுத்தப் போனவர், அங்கே இடமில்லை என்று மூன்றாவது முறையும் அதே கேமராவின் கீழ் திரும்பி வந்தார். நுழைந்த ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி அபராதம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஊருக்குத் திரும்பிச் சில வாரங்களில் கார் நிறுவனம் கிரெடிட் கார்டில் 45 யூரோ வீதம் மூன்று முறை எடுத்துக்கொண்டது. அதுதான் அபராதம், ஒழிந்தது என்று நினைத்தோம். அது வெறும் கையாளும் கட்டணம். எங்கள் பெயரையும் முகவரியையும் இத்தாலிய அதிகாரிகளிடம் கொடுத்ததற்கு. உண்மையான அபராதம் அடுத்த ஜூனில், மூன்று பதிவுத் தபால்களாகக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தது. அபராதம் 80 யூரோவுக்குச் சற்று மேல், அத்துடன் அஞ்சல் செலவு. ஒவ்வொன்றும் 100 யூரோ ஆகிவிட்டது. எல்லாம் கூட்டினால் 435 யூரோ, அன்றைய கணக்கில் ஏறத்தாழ 34,000 ரூபாய். ஒரு பண்ணை வீட்டில் நான்கு இரவு தங்கியிருக்கலாம்.

பணம் போனதைவிட என்னை இன்றும் குடைவது வேறொன்று. மதிலுக்குள் ஹோட்டல் இருந்தால், விருந்தினரின் கார் எண்ணை ஹோட்டல்காரர்கள் நகராட்சியில் பதிவுசெய்து அனுமதி வாங்கித் தர முடியும். பல ஊர்களில் வந்து சேர்ந்த அன்றே சொன்னால் கூடப் போதும். அன்று மாலை வரவேற்பில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பொறுமையாகப் பதிவுசெய்தார். கார் எண் கொண்ட ஒப்பந்தத் தாள் நனைந்த உறையில் என் கையிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

தங்கை மகளின் திட்டத்தில் சியன்னாவில் மதிலுக்குள் ஒரு விடுதி. “பெரியம்மா, விடுதியிலேயே கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போட்டிருக்கிறது” என்றாள். இடம் இருப்பது வேறு, அங்கே போய்ச் சேர அனுமதி இருப்பது வேறு. இன்றே விடுதிக்கு எழுதிக் கேள் என்றேன்: எந்த வாயில் வழியாக வர வேண்டும், கார் எண்ணை எப்போது, யாருக்குத் தர வேண்டும், அனுமதி எத்தனை மணி வரை செல்லும். பதிலை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். அதைவிட நிம்மதியான வழி, மதிலுக்கு வெளியே காரை விட்டுவிடுவது. சியன்னாவில் சாந்தா கத்தெரீனா நிறுத்தத்திலிருந்து நகரும் படிக்கட்டே உங்களை மேலே பழைய ஊருக்குக் கொண்டுபோகும்.

இந்தியாவுக்கெல்லாம் அனுப்பமாட்டார்கள், கண்டுகொள்ளாதே என்று சொல்பவர்களின் பேச்சை நம்பாதீர்கள். வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் குறையும். 60 நாள் தாண்டினால் தொகை ஏறும். எங்கள் கடிதங்கள் பக்கத்து வீட்டில் பத்து நாள் கிடந்ததில் அந்தச் சலுகையும் போய்விட்டது.

இன்னொன்று, தம்பதிகளுக்கென்றே சொல்வது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியைப் பார்க்கிறார். பலகைகளைப் பார்க்க ஆளில்லை. ஊர் எல்லை வந்ததும் கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து பலகைகளைப் படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். இரண்டாவது பயணத்திலிருந்து நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

ஒரு நாளில் நான்கு ஊர் பார்ப்பது

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான் தெரியும். ஃப்ளாரன்ஸிலிருந்து சியன்னாவுக்கு விரைவுச் சாலையில் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஆனால் நீங்கள் பார்க்க வந்த கியாந்தித் திராட்சைத் தோட்டங்கள் இருப்பது எஸ்.ஆர். 222 சாலையில். கிரேவே, பான்சானோ, காஸ்தெல்லினா என்று வளைந்து வளைந்து போகும் அந்த வழியில் நிற்காமல் போனாலே இரண்டு மணி நேரம் பிடிக்கும். நிற்காமல் போக மனம் வராது.

சாப்பாட்டு நேரமும் கணக்கில் வர வேண்டும். மதியம் இரண்டரை மணி வாக்கில் சமையலறையை மூடினால் மாலை ஏழு, ஏழரைக்குத்தான் திறப்பார்கள். நான்காவது ஊரை எட்டிப்பிடிக்க ஓடிய நாளில் நாங்கள் சாப்பிட்டது பெட்ரோல் பங்கு பிஸ்கட்.

மறுநாள் பியென்சாவோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு சின்னக் கடையில் ‘பிச்சி’ கேட்டோம். கையால் உருட்டிய தடித்த நூல் போன்ற பாஸ்தா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். ‘அல்யோனே’ என்ற பெரிய பூண்டைத் தக்காளியில் குழைய வேகவைத்து மேலே ஊற்றித் தருகிறார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் தயங்காமல் கேட்கலாம். மாலையில் பான்யோ விஞ்ஞோனி போனோம். அந்த ஊரின் நடுச் சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம். அதில் இறங்கக் கூடாது. கீழே பழைய ஆலைகள் பக்கம் ஓடிவரும் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயணத்தில் இருவரும் மறக்காமல் வைத்திருப்பது அந்த நாளைத்தான்.

கையில் தாள் பணம் இல்லாமல் பெட்ரோல் போடப் போவது

கிராமப்புறத்தில் மதிய வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பல பங்குகளில் ஆள் இருக்கமாட்டார். இயந்திரத்தில் பணத்தைச் செருகி, பம்ப் எண்ணை அழுத்தி நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு கார்டுகளை அது சில நேரம் ஏற்காது. மீதிச் சில்லறையும் தராது. கசங்காத 20 யூரோத் தாள்கள் மூன்று, நான்கு எப்போதும் இருக்கட்டும். ‘பென்சீனா’ என்றால் பெட்ரோல், ‘காசோலியோ’ என்றால் டீசல். மாற்றிப் போட்டால் பயணம் அங்கேயே முடிந்தது.

நிறுத்தக் கோட்டின் நிறத்தைப் பார்க்காமல் விடுவது

வெள்ளை இலவசம். நீலம் கட்டணம். மஞ்சள் உங்களுக்கு இல்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகம் போகாமல் கிளம்புவது

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டு செல்லும். கார் கொடுப்பவர் கேட்காவிட்டாலும் போலீஸ் கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது

களைப்பில் ‘கொஞ்ச தூரம் நீ ஓட்டு’ என்று மாற்றிக்கொள்வார்கள். பெயர் சேர்க்காதவர் ஓட்டும்போது கார் எதிலாவது இடித்தால் காப்பீடு கைவிட்டுவிடும். இருவருக்கும் ஓட்டத் தெரியும் என்றால், தினக்கட்டணம் கொஞ்சம் கூடினாலும் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளைச் சாலைகளில் வேகம் போவது

ஒர்ச்சா பள்ளத்தாக்கில் பண்ணை வீடுகளுக்குப் போகும் கடைசி ஓரிரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் தார் போடாத ஜல்லிச் சாலை. இருபுறமும் சைப்ரஸ் மரங்கள், நடுவே சுண்ணாம்பு போல வெளுத்த தடம். டயருக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் வரும் சேதம் பல காப்பீடுகளில் சேராது. கையெழுத்திடும் முன் அந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். முன்னால் டிராக்டர் போனால் அதன் பின்னாலேயே மெதுவாகப் போங்கள்.