அப்பாவின் சங்ராம் மெடல் பதிவு: பழைய எண்ணில் தேடியதும் கிடைத்தது

அப்பா 1971 போரின்போது பஞ்சாப் எல்லையில் இருந்தவர். ஆனால் ராணுவத்திலிருந்து விடுபடும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில், மெடல் பக்கத்தில், அந்தப் போர்க்காலச் சேவைக்கான சங்ராம் மெடல் இல்லை. வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினால் 'எங்கள் ஆவணத்தில் பதிவு இல்லை' என்றே பதில் வந்தது. போர்க்களத்தில் எடுத்த போட்டோ, கூட இருந்தவரின் உறுதிமொழிக் கடிதம் எல்லாம் அனுப்பிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. அவர்களுக்குப் பார்ட் டூ ஆர்டர், அதாவது வீரரின் பணி விவரங்களைப் பதிந்து யூனிட் வெளியிடும் உத்தரவுதான் கணக்கு. மெடலோ பெயர் மாற்றமோ அதில் வந்திருந்தால்தான் ஏற்பார்கள்.

வழி காட்டியது அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஜேசி என்று தொடங்கும் ராணுவ எண். பக்கவாட்டில், பாதி உரிந்த நிலையில், வெறும் இலக்கங்களாக வேறொரு எண். ஜவானாகச் சேர்ந்தவர் நாயிப் சுபேதார், அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் ஆகும்போது, ஜேசி என்று தொடங்கும் புது எண் கொடுத்துவிடுவார்கள். 1971-ல் அவர் ஜவான். நான் எழுதிய கடிதங்களிலோ ஓய்வுபெற்றபோது இருந்த ஜேசி எண் மட்டும்தான்!

இரண்டு எண்களையும், அப்போதிருந்த யூனிட் பெயரையும் போட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மறுபடி விண்ணப்பித்தேன். பழைய எண்ணில் ஆர்டர் அகப்பட்டது. அப்புறம் அசல் டிஸ்சார்ஜ் புக்கைப் பதிவுத் தபாலில் கேட்டார்கள். முத்திரையோடு பதிந்து திருப்பி அனுப்பினார்கள். பெரிய நிம்மதி. அசலை அனுப்புமுன் எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.