ஷெட்டில் நின்ற அம்பாசிடருக்கு பிரேக் மாற்றுவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

மாமாவின் அம்பாசிடர் திருமங்கலத்தில் தகர ஷெட்டுக்குள் நாலு வருஷம் நின்றது. நான் எடுத்து ஓட்ட ஆரம்பித்த முதல் வாரமே, அழகர்கோவில் போய்த் திரும்பும் வழியில் கருகல் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் முன் இடது சக்கரம் கிட்டே கை கொண்டுபோக முடியாத சூடு. பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தே இருந்திருக்கிறது. வண்டி ஓடவில்லையே, பிரேக் தேயவில்லையே என்று நம்பியிருந்தேன், ஆனால் ஓடாமல் நின்றால் தேயாதது லைனர் (ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) மட்டும்தான். ரப்பர் நின்ற இடத்திலேயே கெட்டுப்போகும், பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சிலிண்டருக்குள் துரு ஏறும். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் பிரேக்கை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய அம்பாசிடரில் நாலு சக்கரமும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும்), நாலுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது), ஒரே சர்க்யூட், அதாவது ஒரே ஆயில் பாதை. ஒரு ஹோஸ் (சக்கரத்துக்கு ஆயில் போகும் ரப்பர் குழாய்) வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். கொடைக்கானலில் இருந்து வத்தலகுண்டு இறங்குகிற பாதையை நினைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள், எதில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது என்று தானாகவே புரியும்.

என்ன வாங்குவது

நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுவது) கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா ரப்பர் ஹோஸும், புது செப்பு வாஷர்கள், ரிட்டர்ன் ஸ்பிரிங், ஷூ. கடைக்குப் போகும் முன் பழைய சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, அதன் மேல் வார்ப்பில் இருக்கும் பெயரையும் அளவையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் சிலிண்டரையே பையில் எடுத்துப்போங்கள். 1958-இல் இருந்து 2014 வரை வந்த வண்டி, மாடலுக்கு மாடல் பாகம் மாறும், "அம்பாசிடருக்கு வீல் சிலிண்டர் கிட் கொடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும், அது சேருமா என்பது வேறு. மோரிஸ் ஆக்ஸ்போர்டில் இருந்து வந்த வண்டி என்பதால் பழைய மாடல்களில் இன்ச் நட்டுகள் நிறைய இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் முனை உருண்டுவிடும்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4 (டப்பாவில் போட்டிருக்கும் தரம்), சீல் உடையாத சின்ன டப்பா. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரிக்கே இறங்கிவிடலாம். மலைச்சாலையில் டிரம் சூடேறும்போது பழைய ஆயில் குமிழ் விட்டு பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். டாட் 5 என்று எழுதியது சிலிக்கான், அதை இதோடு கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு உள்ளே போனாலும் எல்லா ரப்பரும் உப்பிப் போகும்.

பிரிப்பது

முந்தின நாள் ராத்திரியே எல்லா பைப் நட்டிலும், பிளீடர் நிப்பிளிலும் (ஏர் வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்தி, எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி, செங்கல்லை அடுக்கி வைத்து யாரும் அடியில் போகாதீர்கள், செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

டிரம் வராவிட்டால் ஓங்கி அடிக்காதீர்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்தி (பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக்கையும் விட்டுவிட்டு), மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டினால் வந்துவிடும். உள்ளே கறுப்புத் தூசி இருக்கும், அதை வாயாலோ காற்றுப் பம்பாலோ ஊதக் கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு சக்கரம் மட்டும். இதை மட்டும் மீறாதீர்கள். ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது, எந்த ஷூ மேலே, எது கீழே என்பதெல்லாம் பிரித்த பத்து நிமிடத்தில் மறந்துபோகும், போனில் போட்டோ எடுத்தாலும் எதிர்ப் பக்கம் பிரிக்காமல் இருந்தால்தான் குனிந்து பார்த்துத் தெளிவாக முடியும்.

சிலிண்டரும் ஹோஸும்

வீல் சிலிண்டரைப் பிரித்து உட்பக்கத்தைச் சுத்தமான பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள், பெட்ரோல், டீசல் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புது ரப்பர் கப் போதும். விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள், எமரி பேப்பரால் தேய்த்து ஒப்பேற்றினால் ஒரு மாதத்தில் ஒழுகும், ஒழுகினால் புது லைனரும் ஆயிலில் ஊறி வீண். புது கப்பை பிரேக் ஆயிலில் நனைத்து, அதன் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்கும்படி உள்ளே விடுங்கள். திருப்பிப் போட்டால் அழுத்தமே நிற்காது.

என் வண்டியில் முன் சக்கரம் பிடித்ததற்குக் காரணம் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. உள்ரப்பர் ஊதி வழியை அடைத்திருந்தது: பெடலை மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போகிறது, காலை எடுத்தால் திரும்பி வர வலு இல்லை. உங்கள் வண்டியிலும் இப்படி என்றால், சக்கரம் பிடித்திருக்கும்போது ஹோஸுக்கு முன்னால் உள்ள இரும்புப் பைப் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் இன்னும் விடவில்லை, அப்புறம் நிப்பிளைத் திறந்ததும் விட்டது என்றால் குற்றம் ஹோஸ்தான். வயது தெரியாத ஹோஸை நான் சோதிப்பதுகூட இல்லை, மாற்றிவிடுகிறேன். கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று ஹோஸுக்கு, ஒன்று பைப் நட்டுக்கு, இல்லையென்றால் இரும்புப் பைப் முறுக்கிக்கொள்ளும். பைப்பையும் கிளிப் பிடிக்கும் இடங்களில் சுரண்டிப் பாருங்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஷூவை எப்போதும் ஜோடியாக, இடமும் வலமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி இழுக்கும். டிரம்மில் வரப்பு மாதிரி கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் பிரிப்பதும் இதே முறைதான். பூட்டிய பிறகு பெடலை மிதிக்கத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் திரும்ப வழியில்லாமல் நாலு சக்கரமும் பிடிக்கும்.

ஏர் எடுப்பது

முதலில் அட்ஜஸ்டர். சக்கரம் சுற்ற முடியாமல் இறுகும் வரை திருப்பி, லேசாகச் சுற்றும் வரை பின்வாங்குங்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள், அதாவது ஆயில் பாதையில் மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள், நம் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். எங்கள் வீட்டில் தங்கச்சி மகன்தான் பெடலில் உட்காருவான். "மிதி" என்றால் மெதுவாக மிதிக்க வேண்டும், அப்போது நான் நிப்பிளைத் திறப்பேன், "பிடி" என்றால் அப்படியே பிடித்திருக்க வேண்டும், நான் நிப்பிளை மூடி "விடு மாப்ளே" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். டியூபில் குமிழ் நிற்கும் வரை இதே. இடையிடையே ஆயில் குறையாமல் ஊற்றுங்கள், ஒருமுறை காலியானால் மறுபடி முதலிலிருந்து. மாஸ்டரை மாற்றாமல் ஏர் எடுப்பதாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள், முழுக்க மிதித்தால் பழைய ரப்பர், இதுவரை போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கிழிந்துவிடும். பெயிண்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், உரித்துவிடும்.

பெடல் கல் மாதிரி நின்றதும், ஒருவர் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, நீங்கள் ஒவ்வொரு இணைப்பாகத் துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு, ஆளில்லாத சமதரையில் நடக்கிற வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள். நேராக நின்றால் விடியற்காலையில் ரிங் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போய் வந்து, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையை வைத்துச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்த அட்ஜஸ்டரை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் லைனர் படிந்திருக்கும், அப்போது அட்ஜஸ்டரை மறுபடி ஒருமுறை பிடித்துவிடுங்கள்.