போனில் பளிச், மானிட்டரில் கட்டம் கட்டம்: காவடிப் படங்கள் சரியான விதம்

மொரீஷியஸில் எங்கள் கோவில் இணையதளத்தில் தைப்பூசப் படங்களை ஏற்றியதும், போனில் பார்த்தவர்கள் அருமை என்றார்கள். போர்ட் லூயிஸ் அலுவலகங்களில் பெரிய மானிட்டரில் பார்த்தவர்களுக்கோ காவடியின் மயிலிறகெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

ஜேபெக் தரத்தை 80-லிருந்து 95-க்கு உயர்த்தினேன். கோப்பு கனத்ததே தவிர கட்டம் போகவில்லை. மூலப்படத்தை மறுபடி ஏற்றியும், சர்வர் கேஷை (சேமித்து வைத்த பழைய நகல்களை) அழித்தும் பலனில்லை.

கோளாறு படத்தில் இல்லை, பக்கத்தில் படத்தை வைக்கும் ஐஎம்ஜி டேகின் 'சைசஸ்' மதிப்பில். ஒரே படத்தைப் பல அகலங்களில் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருக்கிறோம்; படம் எவ்வளவு அகலத்தில் தெரியும் என்று சைசஸ் சொல்வதை வைத்தே பிரவுசர் அவற்றில் ஒன்றைத் தேர்கிறது. பழைய மூன்று பத்தி வடிவமைப்புக்கான 300 பிக்சல் அப்படியே நின்றுவிட்டது. புது வடிவமைப்பில் படம் விரிவதோ 900 பிக்சலுக்கு. சாதாரண மானிட்டர் 300 போதுமென்று 320 அகலக் கோப்பை எடுத்து கிட்டத்தட்ட மும்மடங்கு இழுக்கிறது. பிக்சல் அடர்த்தி 3 உள்ள போன் (பக்கத்தின் ஒரு பிக்சல் அகலத்துக்குத் திரையில் மூன்று புள்ளிகள்), 300-ஐ மூன்றால் பெருக்கி 960 கோப்பை எடுக்கிறது. அதனால்தான் அங்கே பளிச்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று. பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில், படத்தின் இயல்பு அகலமான 'நேச்சுரல்விட்த்' கேட்டால் 300 என்று வரும். அது கோப்பின் அகலம் அல்ல, சைசஸை வைத்துக் கணக்கிட்டது. பிரவுசர் எடுத்த கோப்பைக் காட்டும் 'கரண்ட்எஸ்ஆர்சி' முகவரியைத் தனி டேபில் திறந்தால்தான் உண்மையான 320 தெரியும்.

சைசஸை இப்படி மாற்றினேன்: திரை 900 பிக்சல் வரை முழு அகலம், அதற்கு மேல் 900. அடர்த்தி 2 உள்ள மடிக்கணினிகளுக்காக 1800 அகலக் கோப்பையும் சேர்த்தேன். அப்பாடா, மயிலிறகு இழை இழையாகத் தெரிந்தது.

சோதிப்பது இன்காக்னிட்டோவில் (பழைய கேஷ் இல்லாத தனி ஜன்னலில்) இருக்கட்டும். பெரிய கோப்பு கேஷில் கிடந்தால் குரோம் அதையே காட்டிவிடும், கோளாறு கண்ணில் படாது.